இரண்டு கிலோவுக்கு இந்தப் பக்கம்

நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரைக்கு உதரவிதானம் என்று பெயர். கரு தரித்த எட்டு, பத்து வாரங்களுக்குள் அது முழுவதுமாக மூடிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அது மூடுவதில்லை. பெரும்பாலும் இடப்பக்கம், பின்புறமாக ஓர் ஓட்டை நின்றுவிடுகிறது. அதன் வழியாகக் குடல் மேலே ஏறுகிறது. இரைப்பையும் மண்ணீரலும் கூடவே ஏறும். சில குழந்தைகளுக்குக் கல்லீரலின் ஒரு பகுதியும் ஏறிவிடும். நுரையீரல் வளரவேண்டிய இடத்தைக் குடல் பிடித்துக்கொள்ள, இதயம் வலப்பக்கம் தள்ளப்படுகிறது. இரண்டு நுரையீரல்களும் சிறுத்துப்போகின்றன. மருத்துவர்கள் இதை சி.டி.எச். என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். "குடல் நெஞ்சுக்குள்ள ஏறிடுச்சாம்" என்று வார்டுக்கு வெளியே நிற்கும் பாட்டி ஊருக்குப் போனில் சொல்வார். இரண்டும் சரியான விவரணைதான்.

இப்படிப் பிறக்கும் குழந்தையின் தலையெழுத்து கடந்த எண்பது ஆண்டுகளில் நிறையவே மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. மூன்று கிலோ குழந்தைக்குக் கிடைத்த வாய்ப்பு ஒன்றரைக் கிலோ குழந்தைக்குக் கிடைக்கவில்லை. அன்று அந்தச் சின்னக் குழந்தைகள் கணக்கிலேயே வரவில்லை. இன்று வருகிறார்கள், ஆனாலும் வரிசையில் கடைசியாக. அவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

1940-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் வில்லியம் லாடும் ராபர்ட் கிராஸும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 16 பேருக்கு உதரவிதான ஓட்டையைத் தைத்து மூடியதில் 9 பேர் பிழைத்தார்கள். அவர்களில் மிக இளைய குழந்தைக்கு வயது 40 மணி நேரம். 1946-ல் கிராஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்கு அறுவை செய்து பிழைக்க வைத்தார். செயற்கைச் சுவாசக் கருவி என்ற ஒன்று பச்சைக் குழந்தைகளுக்கு எட்டாத காலம் அது. அந்த நாளில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள்.

அதிலிருந்து ஒரு விதி பிறந்தது. குழந்தை பிறந்ததா, நீலம் பாரிக்கிறதா, நெஞ்சில் காது வைத்தால் குடல் சத்தம் கேட்கிறதா, உடனே தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. வயிற்றைத் திற, குடலை இறக்கு, ஓட்டையைத் தை. நள்ளிரவானாலும் சரி. குடல் நெஞ்சை அழுத்துவதுதான் நோய். அழுத்தத்தை எடுத்துவிட்டால் நுரையீரல் விரிந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஏறத்தாழ நாற்பது வருடம் உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

ஆனால் ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. மயக்க மருந்து மேம்பட்டது, ஆன்டிபயாடிக் வந்தது, பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்தன, செயற்கைச் சுவாசம் வந்தது. இருந்தும் 1970-களில் பிழைப்பவர்கள் பாதிப்பேர்தான். 1940-லும் பாதிக்குச் சற்று மேலே. இத்தனை முன்னேற்றமும் எங்கே போயிற்று?

அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் ஹாரிசன் நார்வே நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. அறுவை மேசைக்கு வந்து சேர்ந்த குழந்தைகளை மட்டும் எண்ணாமல், பிறந்த இடத்திலேயே இறந்தவர்களையும் வழியில் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். மறைந்திருந்த மரணங்கள் வெளியே வந்தன. 1940-ல் லாடின் கைக்கு வந்த குழந்தைகள் பலசாலிகள். ஓரளவு நுரையீரல் இருந்ததால்தான் அவர்களால் நாற்பது மணி நேரம் தாங்க முடிந்தது. பலவீனமான குழந்தை பிறந்த அறையிலேயே போய்விட்டது. மருத்துவமனை வசதியும் ஆம்புலன்ஸும் பெருகப் பெருக, முன்பெல்லாம் வந்தே சேராத பலவீனமான குழந்தைகள் உயிரோடு வந்து சேர ஆரம்பித்தார்கள். அதனால் சதவீதம் அதே இடத்தில் நின்றது. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த சி.டி.எச். குழந்தை மருத்துவர்களின் கண்ணில் உண்மையாகப் பட்டது அப்போதுதான். அதற்கு முன் அந்தக் குழந்தைகள் பிறக்கவில்லை என்பதல்ல. அவர்களை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையே 1963-ல் லண்டனில் இன்னொரு உண்மை தெரிய வந்திருந்தது. இறந்த குழந்தைகளின் நுரையீரலை அறுத்து, மூச்சுக்குழாய்க் கிளைகளை எண்ணிப் பார்த்தார்கள். கிளைகளே குறைவாக இருந்தன. மூச்சுக்குழாய் கிளைவிடும் வேலை கருவின் பதினாறாவது வாரத்தோடு முடிந்துவிடும். அந்த நேரத்தில் இடம் கிடைக்காத நுரையீரல் பிறகு எவ்வளவு இடம் கொடுத்தாலும் விட்டுப்போன கிளைகளைத் திரும்ப விடாது. போதாக்குறைக்கு நுரையீரல் ரத்தக் குழாய்களின் சுவரும் தடித்துப்போகிறது. அங்கே அழுத்தம் ஏறினால், இதயத்தின் வலப்பக்க ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் பிராணவாயு ஏறாமலேயே உடலுக்குத் திரும்பிவிடும். ஆக, ஓட்டை நோயின் வாசல்தான். நோய் நுரையீரலில் இருக்கிறது. இந்த உண்மை தெரிந்த பிறகும் நள்ளிரவு அறுவைகள் இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்தன என்பதுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

அறுவை முடிந்ததும் சில மணி நேரம் குழந்தை அழகாகத் தேறும். மருத்துவர்களே அதற்குத் தேனிலவுக் காலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு சரியும். சரிவைத் தடுக்க வென்டிலேட்டரை வேகமாக ஓட்டுவார்கள். கரியமில வாயுவை முழுக்க வெளியேற்றி, ரத்தத்தைக் காரத்தன்மைக்குக் கொண்டுவந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தளரும் என்பது கணக்கு. குழாய்கள் சிறிது நேரம் தளர்ந்தன. ஆனால் அந்த அழுத்தத்தில் நுரையீரல் கிழிந்தது. மூன்று கிலோ குழந்தைக்கே இது பெரிய அடி. குறைமாதக் குழந்தைக்குக் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்புப் பொருளும் போதுமான அளவு ஊறியிருக்காது. சிறுத்த நுரையீரல், முதிராத நுரையீரல் இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்துவிட்டால் அந்தப் பழைய சிகிச்சையே அதன் உயிரைக் குடித்தது என்று சொன்னால் மிகையில்லை.

திருப்பம் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் வந்தது. ஜென் டியன் வுங் என்ற மருத்துவர், நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறிய குழந்தைகளை அடித்து ஊதாமல், மெதுவாகச் சுவாசிக்க விட்டுப் பார்த்தார். கரியமில வாயு சற்றுக் கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். குழந்தை தானாகவும் மூச்சு விடட்டும். கருவியின் அழுத்தத்தை மட்டும் ஏற்றாதே என்றார். 1985-ல் அவர் குழு இதை எழுதியது. 1987-ல் டொராண்டோ மருத்துவர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் நுரையீரலின் விரியும் தன்மையை அளந்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் அது குறைந்திருந்தது. அவசர அவசரமாகத் தைத்தது உதவவில்லை. பலருக்குக் கெடுதலே செய்தது. வுங்கின் முறையைப் பின்பற்றிய கொலம்பியாவில், அறுவையைத் தள்ளிவைத்து, 120 சி.டி.எச். குழந்தைகளில் 76 சதவீதம் பேர் பிழைத்ததாக 2002-ல் எழுதினார்கள். புது மருந்தோ புதுக் கருவியோ அல்ல, நிதானம்தான் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது.

இன்று ஒரு நல்ல மையத்தில் சி.டி.எச். குழந்தை பிறக்கும் முதல் நிமிடங்களைப் பார்த்தால் மாற்றம் எவ்வளவு என்று புரியும். குழந்தை வெளியே வரும் முன்பே நாலைந்து பேர் வார்மரைச் சுற்றி நிற்கிறார்கள். எடை குறையும் என்று ஸ்கேனில் தெரிந்திருந்தால் பிளாஸ்டிக் உறை தயாராக இருக்கும்; குறைமாதக் குழந்தையின் சூடு நொடியில் இறங்கிவிடும். குழந்தை வருகிறது. வயிறு குழிந்து கிடக்கிறது. குடல்தான் மேலே போய்விட்டதே. முகத்தில் மாஸ்க் வைத்து ஊதுவது மற்றக் குழந்தைகளுக்கு முதல் உதவி. இங்கே அது தடை. ஊதினால் காற்று இரைப்பைக்குப் போகும், நெஞ்சுக்குள் இருக்கும் குடல் உப்பும், இருக்கும் நுரையீரலையும் நசுக்கிவிடும். நேராக மூச்சுக்குழாயில் டியூப். ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு அந்த டியூபின் உள்விட்டம் இரண்டரையோ மூன்றோ மில்லிமீட்டர். இன்னொரு குழாய் வாய் வழியாக இரைப்பைக்குள் போய்க் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிராணவாயு அளக்கும் பட்டை வலது கையில்தான் கட்டப்படும். மூளைக்குப் போகும் ரத்தத்தின் நிலை அங்கேதான் தெரியும். திரையில் 80, 85 என்று எண் ஓடுகிறது. முன்பென்றால் எல்லோரும் பதறி அழுத்தத்தை ஏற்றியிருப்பார்கள். இன்று தலைமை மருத்துவர் "விடுங்க, தானா ஏறும்" என்கிறார். வென்டிலேட்டரின் அழுத்தம் 25-ஐத் தாண்டக் கூடாது. அறுவை நாளைக்கா, அடுத்த வாரமா என்பதைக் குழந்தையின் ரத்த அழுத்தமும் சிறுநீரும்தான் முடிவு செய்யும்.

இத்தனை மாறியும் எடை என்ற வேலி மாறாமல் நிற்கும் ஓர் இடம் உண்டு. எக்மோ. இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலையைச் சில நாட்கள் உடலுக்கு வெளியே செய்யும் கருவி. 1975-ல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சிளம் குழந்தையை அதில் வைத்துக் காப்பாற்றினார்; அந்தக் குழந்தையைக் கவனித்துக்கொண்ட நர்சுகள் அதற்கு ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று பொருள்படும் எஸ்பெரான்சா என்ற பெயரை வைத்தார்கள். இரண்டே வருடத்தில் சி.டி.எச். குழந்தைகளுக்கும் எக்மோ வந்தது. ஆனால் வாசலில் ஒரு பலகை: 2 கிலோவுக்குக் கீழே, 34 வாரத்துக்கு முன்னே பிறந்தவர்களுக்கு இடமில்லை.

ஏன் 2 கிலோ? கழுத்தின் வலப்பக்கத் தமனியிலும் சிரையிலும் குழாய் செருக வேண்டும். தயாரிக்கப்பட்ட மிகச் சிறிய குழாய்க்கும் சில குழந்தைகளின் ரத்தக் குழாய் இடம் கொடுக்காது. அடுத்து, ரத்தம். குழந்தையின் உடலில் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். ஒன்றரைக் கிலோ குழந்தையின் மொத்த ரத்தத்தை டீக்கடை கிளாஸ் ஒன்றில் ஊற்றினால் கொஞ்சம்தான் வழியும். எக்மோ சுற்றை நிரப்பவே அதைவிட அதிக ரத்தம் வேண்டும். மூன்றாவதாக, அந்தச் சுற்றில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் கொடுத்தாக வேண்டும். குறைமாதக் குழந்தையின் மூளையில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அதனால் கசிந்துவிடும் ஆபத்து மிக அதிகம்.

இவை எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இந்த எடைக்குக் கீழே இருந்தால் பிழைக்கவே மாட்டார்கள்" என்று நிரூபித்து வைத்த எல்லை அல்ல அது. குழாயின் அளவையும் ரத்தக்கசிவு பயத்தையும் வைத்து வந்த எல்லை. பின்னால் சில மையங்கள் 2 கிலோவுக்குக் கீழே உள்ள சி.டி.எச். குழந்தைகளையும் எக்மோவில் வைத்தன. பதிவேடுகளைப் பார்த்தால், கனமான குழந்தைகளைவிடக் குறைவாகத்தான் பிழைக்கிறார்கள், ஆனால் பிழைக்கிறார்கள். அதனால்தான் இன்றைய வழிகாட்டுதல்களில் 2 கிலோ என்பது அறவே கூடாது என்ற தடையிலிருந்து, யோசித்துச் செய் என்ற எச்சரிக்கையாகத் தளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பச்சிளம் குழந்தைக்கு எக்மோ வைக்கும் மருத்துவமனைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதால் இந்த விவாதம் இங்கே இன்னும் வந்து சேரவில்லை. நம்மிடம் இருப்பது மென்மையான வென்டிலேட்டர், நுரையீரல் ரத்தக் குழாயைத் தளர்த்தும் சில்டெனாபில் போன்ற மருந்துகள், கைதேர்ந்த நர்சுகள், நிதானம். இவற்றைக் கொண்டே நிறையச் செய்யலாம் என்று வுங் காட்டிவிட்டார்.

எடைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 1995 முதல் சி.டி.எச். குழந்தைகளுக்கென்று ஒரு பொதுப் பதிவேடு நடத்துகின்றன. அதில் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தை வைத்து 2001-ல் ஒரு சமன்பாடு வெளியிட்டார்கள். அதற்கு இரண்டே தகவல் போதும்: பிறந்த எடை, குழந்தையின் மூச்சையும் இதயத் துடிப்பையும் அசைவையும் பார்த்து ஐந்தாவது நிமிடத்தில் போடும் ஆப்கார் மதிப்பெண். ஆப்கார் 8 வாங்கிய மூன்று குழந்தைகளை அதில் போட்டுப் பாருங்கள். 3 கிலோ குழந்தை பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 79 சதவீதம். 2 கிலோ குழந்தைக்கு 60. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு 49. மூவரும் ஒரே மாதிரி அழுதவர்கள், ஒரே மாதிரி கைகால் அசைத்தவர்கள். எடை மட்டும்தான் வேறு. அதே பதிவேட்டிலிருந்து 2010-ல் வந்த இன்னோர் ஆய்வில் காலம் நிறைந்து பிறந்தவர்களில் 73 சதவீதம் பேரும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 53 சதவீதம் பேரும் பிழைத்திருந்தார்கள். 2014-ல் வந்த மதிப்பெண் முறையில் பிறவி இதயக் கோளாறு, குரோமோசோம் கோளாறு, கடுமையான நுரையீரல் ரத்த அழுத்தம், குறைந்த ஆப்கார் ஆகியவற்றோடு ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையும் ஓர் ஆபத்துக் காரணியாக இடம்பெற்றது.

இந்த எண்களைப் பெற்றோரிடம் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். எடை பல விஷயங்களை ஒரே எண்ணுக்குள் மூடி வைத்திருக்கிறது. 1,600 கிராமில் மூன்று குழந்தைகள் பிறக்கலாம். முதலாவது, பனிக்குட நீர் மிகுந்து வலி முன்கூட்டியே வந்து 32 வாரத்தில் பிறந்த குழந்தை. இரைப்பை இடம் மாறியதால் கரு நீரை விழுங்குவது தடைபட்டு நீர் சேர்ந்துவிடுவது சி.டி.எச்.-ல் அடிக்கடி நடப்பது. இரண்டாவது, மாதம் நிறைந்தும் நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாததால் வளராத குழந்தை. மூன்றாவது, 18-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் எடையும் குறைந்து இதயமும் கோளாறாகப் பிறந்த குழந்தை. மூவருக்கும் தராசு காட்டும் எண் ஒன்று. மூவரின் எதிர்காலமும் வேறு வேறு. முன்பு தராசைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை. இன்று குரோமோசோம் பரிசோதனையும் இதய எக்கோவும் ஸ்கேனில் அளந்த நுரையீரலும் இருக்கின்றன. "எடை குறைவு, கஷ்டம்தான்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட இன்று எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. ஏன் குறைவு என்று சொல்ல வேண்டும்.

எடைக்கும் நுரையீரலுக்கும் நடக்கும் இழுபறியை மிகத் தெளிவாகக் காட்டுவது கருவிலேயே செய்யும் சிகிச்சை. கருவின் மூச்சுக்குழாயில் சின்ன பலூன் ஒன்றை வைத்து அடைத்துவிட்டால், நுரையீரலில் சுரக்கும் திரவம் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கி நுரையீரலை விரித்து வளர்க்கும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் யான் டெப்ரெஸ்ட் தலைமையில் வளர்ந்த முறை இது. கடுமையான நிலையில் உள்ள கருவுக்கு 27 முதல் 29 வாரத்தில் பலூனை வைத்து, 34 வாரத்தில் எடுப்பார்கள். 2021-ல் அதன் சோதனை முடிவுகள் வெளிவந்தன. கடுமையான இடப்பக்க சி.டி.எச். உள்ள குழந்தைகளில் பலூன் வைத்தவர்கள் 40 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். வைக்காதவர்களில் 15 சதவீதம். பெரிய வெற்றி. ஆனால் பலூன் வைத்த தாய்மார்களில் 75 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரசவம். வைக்காதவர்களில் 29 சதவீதம்தான். நுரையீரலை வாங்க வாரங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. நடுத்தரக் கடுமையில் உள்ள குழந்தைகளுக்கு இந்தப் பேரம் கட்டுபடியாகவில்லை: பலூன் வைத்தவர்களில் 63 சதவீதம், வைக்காதவர்களில் 50 சதவீதம் பிழைத்த அந்த வித்தியாசம் உறுதியான பலனாக நிற்கவில்லை. எந்தக் குழந்தைக்கு எந்தப் பேரம் என்பதை நிதானமாகத் தீர்மானிக்கும் அளவுக்கு மருத்துவம் வளர்ந்திருப்பதையே நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன்.

அறுவை முடிந்து, டியூப் எடுத்து, ஆபத்து நீங்கியது என்று சொன்ன பிறகும் எடை விடாது. சின்னக் குழந்தைக்குத் தசையே போதாமல் ஓட்டையைச் செயற்கைத் துணி வைத்து மூடியிருப்பார்கள். குழந்தை வளரும், துணி வளராது. அதனால் ஓட்டை மறுபடி விடும் வாய்ப்பு உண்டு. இரைப்பையிலிருந்து பால் மேலே எதுக்களிக்கும். வாரக்கணக்கில் வாயில் குழாயோடு கிடந்த குழந்தைக்கு உதட்டில் எது பட்டாலும் பயம். அம்மா பாலாடையில் பீய்ச்சிய பாலை எடுத்து உதட்டோரம் சாய்க்கிறார். குழந்தை முகத்தைத் திருப்புகிறது. மறுபடி சாய்க்கிறார். ஐந்து மில்லி உள்ளே போக அரைமணி நேரம். மூச்சு வாங்கியே கலோரி கரைகிற இந்தக் குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட அதிக ஊட்டம் வேண்டும். உள்ளே போவதோ குறைவு. எடை குறைந்து பிறந்தது வீட்டுக்கு வந்த பிறகும் எடை ஏறாமல் தவிக்கிறது. அன்று பிழைத்தாயிற்று என்றதும் கதை முடிந்தது. இன்று எடை, கேட்கும் திறன், முதுகெலும்பு, மூளை வளர்ச்சி என்று பள்ளிக்குப் போகும் வயது வரை பின்தொடரச் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பின்தொடர்தல்தான் முதலில் விட்டுப்போகிறது. பஸ் செலவு, கூலி இழப்பு, "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்ற ஆறுதல் என்று காரணங்கள் இருக்கின்றன. குழந்தை இளைத்துக்கொண்டிருப்பதை அந்த ஆறுதல் மறைத்துவிடுகிறது.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கு ஒரு கூடுதல் பாரம் உண்டு. தேசிய குடும்பநல ஆய்வின்படி, எடை பார்க்கப்பட்ட பிறப்புகளில் ஏறத்தாழ 18 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ரத்தசோகை. எடை குறைந்த பிறப்பு நமக்கு அன்றாடம். உதரவிதான ஓட்டையை நாம் தடுக்க முடியாது. அது எப்படி வருகிறது என்பதே பெரும்பாலான குழந்தைகளில் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் குழந்தை எத்தனை வாரத்தில், எங்கே, எவ்வளவு எடையோடு பிறக்கிறது என்பதில் நம் கைக்கு எட்டும் பங்கு உண்டு.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்தால் செய்யவேண்டியவை சில. அறிக்கையை வீட்டில் வைத்துக் கவலைப்படாமல், 24 வாரத்துக்குள் குழந்தைகள் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். கல்லீரல் மேலே ஏறியிருக்கிறதா, தலைச் சுற்றளவோடு ஒப்பிட நுரையீரல் எவ்வளவு, இதயம் எப்படி இருக்கிறது, குரோமோசோம் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சையும் குழந்தைகள் அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடுங்கள். 108 எவ்வளவு வேகமாக ஓடினாலும், இந்தக் குழந்தை பயணம் செய்ய அம்மாவின் வயிற்றைவிடப் பாதுகாப்பான வண்டி கிடையாது. வலி முன்கூட்டியே வந்தால் நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசிக்கு நேரம் இருக்கும்படி சீக்கிரம் போய்ச் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் சிசேரியன் என்றதும் காலண்டரையும் ஜோசியரையும் தேடுகிற வழக்கம் இருக்கிறது. நல்ல நட்சத்திரத்துக்காக இரண்டு வாரம் முன்னால் எடுத்துவிடச் சொல்கிறார்கள். கடைசி வாரங்களில் கரு வாரத்துக்குச் சுமார் 200 கிராம் எடை ஏறுகிறது, நுரையீரலும் முதிர்கிறது. ஐரோப்பிய சி.டி.எச். மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவு, வேறு அவசரம் எதுவும் இல்லையென்றால் 39 வாரம் முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறது. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு ஸ்கேன் அறிக்கை இருந்தால், பிரசவத் தேதியை மருத்துவர் குறிக்கட்டும் என்று பெரியவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள்.